எஸ்ஐபி டிரங்க்: வெளிச்செல்லும் அழைப்புகள் மட்டும் 15-ஆம் நிமிடத்தில் துண்டிக்கப்படுகின்றன, கேட்வேயில் எதை மாற்ற வேண்டும்?

நாற்சந்தி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் நெடுங்காலமாக 30 தடங்கள் கொண்ட பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு இருந்தது. அதைக் கைவிட்டு, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எஸ்ஐபி டிரங்குக்கு (ஐபி வலையமைப்பு வழியாக அழைப்புகளைக் கொண்டுசெல்லும் இணைப்புக்கு) அண்மையில் மாறியிருக்கிறோம். டிரங்குக்கும் எங்கள் அலுவலகத் தொலைபேசி இணைப்பகமான ஐபி-பிபிஎக்ஸுக்கும் நடுவில் ஒரு கேட்வே இருக்கிறது. அது பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் ரூட்டர் அல்ல. ஒரு பக்கத்து அழைப்பைத் தன்னிடமே முடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் தன் பெயரில் வேறோர் அழைப்பை எழுப்புகிற சாதனம். டிரங்க் பக்கத்துக்கு ஒன்று, பிபிஎக்ஸ் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு ஐபி புரொஃபைல்கள் (அமைப்புத் தொகுப்புகள்) அதில் உள்ளன.

சிக்கல்கள் மூன்று. முதலாவதுதான் அலுவலகத்தையே கலங்கடிக்கிறது: நாங்கள் வெளியே பேசும் எந்த அழைப்பும் 15 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பேச்சின் நடுவில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் துண்டிக்கப்படுகிறது. ஆனால் வெளியிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகள் எவ்வளவு நேரம் நீடித்தாலும் அறுபடுவதில்லை. இரண்டாவது, சில கைபேசி எண்களை அழைத்தால் அங்கே மணி அடிக்கிறது, அவர்கள் எடுத்தும் விடுகிறார்கள், இங்கோ ஒரு சத்தமும் இல்லை; ஏறக்குறைய அரை நிமிடத்தில் அழைப்பு தானாக விழுந்துவிடுகிறது. தரைவழி எண்களில் இப்படி நேர்வதில்லை. மூன்றாவது, வங்கிகளின் தானியங்கிக் குரல் சேவையில் எண்களை அழுத்தினால் சில வேளைகளில் ஏற்கப்படுவதில்லை.

கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் செஷன் டைமர், அப்டேட் ஆதரவு, ரீ-இன்வைட் ஆதரவு, பிராக், எர்லி மீடியா, ஹோல்டு வடிவம், ரெஃபர் கையாளும் முறை, டிடிஎம்எஃப் (எண் அழுத்த ஓசை) முறை என்று ஒத்திசைவுக்கான தெரிவுகள் நீளமாக உள்ளன. கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி விளக்கம்தான் இருக்கிறது. சாதனத்தை நிறுவியவர் வேறோர் இடத்தில் பயன்படுத்திய கோப்பை அப்படியே ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். அதன்படி செஷன் டைமரும் பிராக்கும் இரு பக்கங்களிலும் 'ஊடுருவ விடு' என்ற நிலையில், அதாவது கேட்வே தலையிடாமல் மறுபக்கத்துக்குக் கடத்திவிடும் நிலையில், உள்ளன. அப்டேட் ஆதரவு டிரங்க் பக்கத்தில் 'உண்டு' என்றும் பிபிஎக்ஸ் பக்கத்தில் 'இல்லை' என்றும் இருக்கிறது. எந்தத் தெரிவை எந்தப் பக்கத்தில் மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

கம்பித்தடம்:

15 நிமிடம் என்றாலே செஷன் டைமர்தான், அதாவது அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது புதுப்பித்து உறுதி செய்யும் காலக்கணக்கு. இயல்பு மதிப்பு 1800 விநாடி, புதுப்பிப்பு நடப்பது அதில் பாதியான 900-இல். இரு புரொஃபைல்களிலும் செஷன் டைமரை 'ஆதரவில்லை' என்று மாற்றிவிட்டு, சாதனத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள். நான் பராமரிக்கும் இடங்களில் இதைத்தான் செய்கிறேன்.

பாக்கெட் வாசகி:

கம்பித்தடம் அவர்கள் நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மருந்தை மட்டும் நான் ஏற்கவில்லை. செஷன் டைமரை விளக்கும் ஆர்எஃப்சி 4028 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, அழைக்கும் தரப்பு டைமரை ஆதரிக்காவிட்டாலும், அழைப்பை ஏற்கும் தரப்பு தன் 200 ஓகே பதிலில் (கோரிக்கையை ஏற்றதைச் சொல்லும் பதில்) செஷன்-எக்ஸ்பயர்ஸ் ஹெடரை, அதாவது டைமரின் காலத்தைச் சொல்லும் தலைப்பு வரியைச் சேர்த்து, புதுப்பிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் பக்கத்தில் அணைத்துவிட்டதால் எதிர்ப்பக்கத்தில் டைமர் ஓடாது என்று கொள்ள முடியாது. அதோடு, டைமரை ஆதரிக்காத அழைப்புகளை 421 என்ற பதிலுடன் திருப்பி அனுப்பும் டிரங்குகளும் உள்ளன.

அந்த டைமருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. பேச்சின் நடுவில் உங்கள் கட்டடத்தில் மின்சாரம் போய், பிபிஎக்ஸும் கேட்வேயும் அணைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பை முடிக்கும் 'பை' செய்தியை அனுப்ப யாரும் இல்லை. டைமர் இல்லாத டிரங்கில், குரல் பாக்கெட்டுகள் நின்றதை வேறு வழியில் கவனித்தாலொழிய, அந்த அழைப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சாதனத்தில் உயிரோடு இருந்து தடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்; கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும்.

அழைப்பு எந்த விநாடியில் அறுகிறது என்பதைத் துல்லியமாகக் குறித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எடுத்த பிறகு 32 விநாடியில் விழுந்தால், 200 ஓகே பதிலுக்கு உரிய 'ஏக்' என்ற உறுதிச் செய்தி வந்து சேரவில்லை என்று பொருள். டி1 என்ற அடிப்படைக் காலம் அரை விநாடி, அதன் 64 மடங்குதான் அந்த 32. 15 நிமிடத்தில் விழுந்தால், புதுப்பிக்கும் முயற்சி நடந்திருக்கிறது, அது நிராகரிக்கப்பட்டிருக்கிறது. முயற்சியே நடக்காமலோ, அனுப்பியது வந்து சேராமலோ இருந்தால், காத்திருக்கும் தரப்பு காலாவதிக்குச் சற்று முன்னதாக அழைப்பை முடிக்கும். 1800 விநாடி டைமரில் அது 32 விநாடி முன்னதாக, அதாவது 29 நிமிடம் 28 விநாடியில் நிகழும். உங்களுடையது இரண்டாவது வகை. யாரோ புதுப்பிக்க முயல்கிறார், யாரோ மறுக்கிறார். யார், எதை, ஏன் என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன், கேட்வேயின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, 16 நிமிடம் நீடிக்கும்படி ஓர் அழைப்பை விடுங்கள். இரு பக்கங்களிலும் கால்-ஐடி (அழைப்பின் அடையாளக் குறி) வெவ்வேறாக இருக்கும் என்பதால், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் கதை பாதியில் நின்றுவிடும். பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் டெலிஃபோனி பட்டியலில் உள்ள வாய்ப் கால்ஸ் வசதி அழைப்பின் செய்திப் போக்கை வரைபடமாகக் காட்டும். லினக்ஸில் இயங்கும் பிபிஎக்ஸ் என்றால் எஸ்என்கிரெப் என்ற கருவியே போதும். இவற்றைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்: டிரங்கிலிருந்து வந்த 200 ஓகே பதிலின் செஷன்-எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் ரிஃப்ரெஷர் (புதுப்பிக்க வேண்டியவர்) யார், ஏற்கும் செய்தி வகைகளைப் பட்டியலிடும் அதே பதிலின் அலவ் ஹெடரில் அப்டேட் இருக்கிறதா, 900-ஆவது விநாடியில் எந்தச் செய்தி எந்தத் திசையில் போகிறது, அதற்கு என்ன பதில் வருகிறது.

நாற்சந்தி:

மிக்க நன்றி, வாசகி அவர்களே. நீங்கள் சொன்னபடி இரு பக்கங்களையும் பதிவு செய்தேன்.

டிரங்கின் 200 ஓகே பதிலில் 1800 விநாடியும் ரிஃப்ரெஷர் யுஏசி என்றும் உள்ளது. அதாவது அழைத்த நாங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். அதன் அலவ் ஹெடரில் அப்டேட் இருக்கிறது. ஆனால் கேட்வே அதே பதிலை பிபிஎக்ஸுக்குக் கடத்தும்போது அலவ் ஹெடரில் அப்டேட்டைக் காணவில்லை. 900-ஆவது விநாடியில் பிபிஎக்ஸ் ஒரு ரீ-இன்வைட் (நடப்பு அழைப்பிலேயே மறுபடி அனுப்பும் அழைப்புக் கோரிக்கை) அனுப்புகிறது. முதலில் ஜி.711 ஏ-லா என்ற கோடெக் (குரலைக் குறியாக்கும் முறை) ஒன்றைத்தான் இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. இந்த ரீ-இன்வைட்டிலோ ஜி.722, ஜி.729 உட்பட எல்லாக் கோடெக்குகளும் மறுபடி வரிசையாக வருகின்றன. ஊடக விவரங்களைச் சொல்லும் எஸ்டிபி பகுதியின் 'ஓ' வரியில் உள்ள பதிப்பு எண்ணும் ஒன்று கூடியிருக்கிறது. கேட்வே அதை அப்படியே டிரங்குக்கு அனுப்புகிறது. அங்கிருந்து 488, அதாவது 'ஏற்க இயலாது' என்ற பதில் வருகிறது. உடனே பிபிஎக்ஸ் 'பை' அனுப்பிவிடுகிறது.

உள்வரும் அழைப்பில் புதுப்பிப்பது டிரங்க் தரப்பு. அவர்கள் எஸ்டிபி இல்லாத அப்டேட் அனுப்புகிறார்கள். கேட்வே அதைப் பிபிஎக்ஸ் பக்கத்தில் ரீ-இன்வைட்டாக மாற்றிக் கொடுக்கிறது. பிபிஎக்ஸ் மறுப்பின்றி ஏற்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விழுந்துபோகும் கைபேசி அழைப்பில், டிரங்கிலிருந்து 183 பதில் (எடுப்பதற்கு முன் வரும் இடைக்காலப் பதில்) திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிக்கிறது. எங்களிடமிருந்து அதற்கு எந்த மறுமொழியும் போகவில்லை.

பாக்கெட் வாசகி:

இவ்வளவு தெளிவான பதிவு கிடைப்பது அரிது. உள்வரும் அழைப்பு பிழைப்பதற்கும் வெளிச்செல்லும் அழைப்பு சாவதற்கும் உள்ள ஒரே வேறுபாடு, புதுப்பிக்கும் செய்தியின் வடிவம்தான். எஸ்டிபி இல்லாத அப்டேட், 'நான் இன்னும் இருக்கிறேன்' என்பதை மட்டும் சொல்கிறது. ஊடகத்தைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை. ஆர்எஃப்சி 4028 பரிந்துரைப்பதும் அதையே. ரீ-இன்வைட்டால் புதுப்பிப்பதும் முறைதான். ஆனால் எதுவும் மாறவில்லை என்றால் எஸ்டிபியின் 'ஓ' வரியில் பதிப்பு எண் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். உங்கள் பிபிஎக்ஸ் எண்ணைக் கூட்டி, கோடெக் பட்டியலையும் நீட்டியதால், எதிர்ப்பக்கம் அதைப் புதுப்பிப்பாகக் கருதாமல் புதிய பேரமாகக் கருதி மறுத்துவிட்டது. நெறிப்படி பார்த்தால், ரீ-இன்வைட் 488-ஆல் மறுக்கப்பட்டாலும் பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்க வேண்டும். உடனே 'பை' அனுப்பியது பிபிஎக்ஸின் அவசரம். ஆனாலும் அந்த அவசரத்தைத் திருத்த முனைய வேண்டியதில்லை, ஏனெனில் அது பொறுத்திருந்தாலும் டைமர் புதுப்பிக்கப்படாமல் அரை மணி நேரத்தில் அழைப்பு முடிந்துதான் போயிருக்கும்.

பிபிஎக்ஸ் ஏன் ரீ-இன்வைட்டைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கும் உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. அப்டேட் வசதி எதிரில் இருப்பதாக அலவ் ஹெடர் சொன்னால்தான் அதைப் பயன்படுத்தலாம். அந்தச் சொல்லைக் கேட்வே நடுவில் நீக்கிவிட்டது. எனவே மாற்ற வேண்டியது ஒன்றே: பிபிஎக்ஸ் பக்கத்துப் புரொஃபைலில் அப்டேட் ஆதரவை 'உண்டு' என்று வையுங்கள். அழைப்பு எடுக்கப்படும் முன்பு மட்டும், எடுத்த பின்பு மட்டும் என்று சில சாதனங்கள் இதைப் பிரித்துக் கேட்கும்; உங்களுக்கு வேண்டியது எடுத்த பின்பும் செல்லுபடியாகும் தெரிவு. மறுபடி 16 நிமிடம் பதிவு செய்து, 900-ஆவது விநாடியில் அப்டேட் போய் 200 ஓகே வருவதைக் கண்ணால் பாருங்கள்.

அதன் பிறகும் பிபிஎக்ஸ் ரீ-இன்வைட்டையே பிடித்துக்கொண்டிருந்தால், செஷன் டைமரை 'ஊடுருவ விடு' என்ற நிலையிலிருந்து மாற்றி, இரு பக்கங்களிலும் கேட்வேயே தனித்தனியாக நடத்தும்படி வையுங்கள். அப்போது டிரங்க் பக்கத்தில் எந்தச் செய்தியால் புதுப்பிப்பது என்பதைக் கேட்வே முடிவு செய்யும். பிபிஎக்ஸின் வழக்கம் வெளியே தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டாம். எது குணப்படுத்தியது என்று பிறகு தெரியாமல் போகும்.

183 பற்றிப் பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:

தம்பி, இடைவெளி இரட்டிப்பாகி வரும் 183 என்றால், அந்தப் பதிலில் ரிக்வயர் ஹெடரில் 100ரெல் என்று இருக்கும், கூடவே ஆர்செக் என்ற வரிசை எண்ணும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண 180 (மணி அடிக்கிறது என்ற பதில்), 183 பதில்கள் ஒருமுறை அனுப்பப்படும். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். 100ரெல் பூண்ட பதில் அப்படியல்ல. 'பிராக்' என்ற செய்தியால் அதைப் பெற்றுக்கொண்டதாக உறுதி சொல்லும்வரை எதிர்ப்பக்கம் அதையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆர்எஃப்சி 3262-இல் இதற்கு மேலும் ஒரு கட்டு உண்டு: உறுதி செய்யப்படாத அந்தப் பதிலில் எஸ்டிபி இருந்தால், பிராக் வரும்வரை 200 ஓகே அனுப்பவே கூடாது. உங்கள் இரண்டாவது சிக்கல் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது. மறுமுனையில் ஆள் எடுத்துவிட்டார். ஆனால் அந்தச் செய்தியை உங்களிடம் சொல்ல டிரங்குக்கு அனுமதி இல்லை. 32 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, அது அழைப்பையே ஒரு 5xx பிழைப் பதிலால் முடித்துவிடுகிறது. மேலே சொன்ன 'ஏக்' கணக்கிலும் இதே 32 வருவதால் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். 200 ஓகே வந்ததா, வரவில்லையா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

நீங்கள் அனுப்பும் முதல் இன்வைட்டின் (அழைப்புக் கோரிக்கையின்) சப்போர்ட்டட் ஹெடரில் 100ரெல் இருப்பதால்தான் டிரங்க் இப்படி நடந்துகொள்கிறது. கேட்வே தன் பெயரில் அந்த வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, 'ஊடுருவ விடு' நிலையில் இருப்பதால், பிராக்கைப் பிபிஎக்ஸ் அனுப்பட்டும் என்று காத்திருக்கிறது. பிபிஎக்ஸுக்கோ அந்த வழக்கமே இல்லை. டிரங்க் பக்கத்தில் பிராக்கைக் கேட்வேயே கையாளும்படியும், பிபிஎக்ஸ் பக்கத்தில் பிராக் இல்லாதபடியும் வையுங்கள். இரு பக்கங்களிலும் அணைத்துவிடுவது எளிய வழியாகத் தோன்றலாம். 100ரெல் இல்லாத அழைப்பை ஏற்காத டிரங்கில் அது கைகொடுக்காது.

தரைவழி எண்களில் சிக்கல் வராததற்குக் காரணம், அவற்றிலிருந்து எஸ்டிபி இல்லாத வெறும் 180 வருவதாக இருக்கலாம். அப்போது மணியோசையை உங்கள் தொலைபேசியே உருவாக்கிக்கொள்ளும். கைபேசிகளில் அப்படியில்லை. நம் நாட்டில் காலர் ட்யூனும், 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பும், எடுப்பதற்கு முன்பே 183-உடன் வரும் ஊடகத்தின் வழியாகத்தான் காதுக்கு வருகின்றன. ஆகையால் பிராக்கைச் சரிசெய்த பிறகு, அணைத்து வைத்த ஒரு கைபேசியை அழைத்து அந்த அறிவிப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் மணியோசை மட்டும் கேட்டால், 183-க்குப் பின்னால் ஒரு 180 வந்து, தொலைபேசி அதைக் கண்டதும் உள்ளூர் மணியை எழுப்பி அறிவிப்பை மூடிவிடுகிறது என்று அறியலாம். ஊடகம் வந்துகொண்டிருக்கும்போது உள்ளூர் மணி கூடாது என்பதுதான் ஆர்எஃப்சி 3960 சொல்வது. கேட்வேயின் எர்லி மீடியா பகுதியில், முதல் 183-க்குப் பின் வரும் 180-ஐ பிபிஎக்ஸுக்குக் கடத்தாமல் நிறுத்தும் தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கம்பித்தடம்:

பதிவைப் பார்த்த பிறகு, அப்டேட் ஆதரவைத் திறப்பதே இந்த இடத்துக்குப் பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது சிக்கலுக்கு என் பங்கு: எண் அழுத்தங்கள் குரலைக் கொண்டுசெல்லும் ஆர்டிபி நெறிமுறையில் டெலிஃபோன்-ஈவென்ட் என்ற தனி வகைப் பாக்கெட்டுகளாகப் போக வேண்டும், ஆர்எஃப்சி 2833 என்று சாதனங்கள் இன்னும் எழுதினாலும், அதன் இடத்தைப் பிடித்திருப்பது 4733. அந்த வகைக்கு உரிய பேலோடு எண் 96 முதல் 127 வரை எதுவாகவும் இருக்கலாம். உங்கள் பிபிஎக்ஸ் 101 என்று சொல்ல, டிரங்க் வேறோர் எண்ணைச் சொன்னால், அந்தந்தத் திசையில் அந்தந்த எண்ணுக்கு மாற்றிக் கொடுப்பது கேட்வேயின் வேலை. தவறும் அழைப்பில் இரு பக்கத்து எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிரங்கின் எஸ்டிபி பதிலில் டெலிஃபோன்-ஈவென்ட் வரியே இல்லையென்றால், ஓசை குரலோடு கலந்துதான் போகும். அப்போது கோடெக் ஜி.729 ஆக இருந்தால் அந்த ஓசை சிதைந்துவிடும். டிரங்க் பக்கத்தில் ஜி.711-ஐ மட்டும் அனுமதிப்பது நல்லது.

நாற்சந்தி:

பிபிஎக்ஸ் பக்கத்தில் அப்டேட்டைத் திறந்துவிட்டேன். 900-ஆவது விநாடியில் அப்டேட்டும் 200 ஓகேயும் போய் வருகின்றன, அழைப்பு அறுபடவில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயா சொன்னபடி பிராக்கைப் பிரித்து வைத்ததும் கைபேசி அழைப்புகள் எடுத்தவுடன் இணைகின்றன. அணைத்து வைத்த எண்ணின் அறிவிப்பும் தெளிவாகக் கேட்கிறது. ஹெடரில் 100ரெல் இருந்தது உண்மைதான். பேலோடு எண்கள் பற்றிய ஒப்பீட்டை வார இறுதியில் செய்யவிருக்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இனி எந்தச் சிக்கலும் வராதபடி, செஷன்-எக்ஸ்பயர்ஸ் மதிப்பை 1800-இலிருந்து 7200 விநாடியாக உயர்த்திவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார்.

பாக்கெட் வாசகி:

உயர்த்திக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நீங்கள் கேட்கும் மதிப்பை வழியில் உள்ள எந்தப் பிராக்ஸியும் (இடைநிலைச் சாதனமும்), ஏற்கும் தரப்பும் குறைத்துக்கொள்ளலாம், கூட்ட முடியாது. மதிப்பு அவர்களது குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் மட்டும் 422 என்று திருப்பி அனுப்புவார்கள்; அந்தக் குறைந்தபட்ச அளவையும் 90 விநாடிக்குக் கீழே வைக்க முடியாது. ஆகவே நீங்கள் 7200 என்று எழுதினாலும் டிரங்க் 1800 என்றே பதிலளிக்கக்கூடும். அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மின்சாரம் போய் அனாதையாக நிற்கும் ஓர் அழைப்பு கலைவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகலாம், அதுவரை அந்தத் தடம் உங்களுக்குப் பயன்படாது. இப்போது புதுப்பிப்பு ஒழுங்காக நடப்பதால் 1800-ஐ அப்படியே விடுங்கள். மேலாளரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: டிரங்க் நிறுவனம் தன் சாதனங்களின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே அறிவிக்கும்படி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வரும் நாளில், இதே 16 நிமிடப் பதிவை இரு திசைகளிலும் ஒருமுறை எடுத்து, இன்று சேமித்து வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.